ஸிர்க்கா உட்கார்ந்திருந்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. குழந்தைநல நிலையத்து நர்ஸ் பிர்யோதான் எழுதச் சொன்னாள். "மனசுல ஓடறதை எழுதி வைங்க இலோனா, படுக்கைக்குக் கொண்டு போகாதீங்க." படுக்கையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேறு எங்கே விளக்குப் போட்டாலும் குழந்தை எய்னோ விழித்துக்கொள்வான்.

மனதில் ஓடுவது: என் கணவன் ஆர்த்து ஒரு வீட்டுவண்டியைக் கண்டுபிடித்திருக்கிறான். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்த பெரிய வேன். மே மாதம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவனுக்குக் கிடைக்கும் விடுப்பு தொடங்குகிறது. கோடை முழுக்க மூன்று பேருமாக வடக்கே ஓட்டிக்கொண்டே போய் நார்வே கடற்கரையைத் தொட்டுவிட்டு வருவது திட்டம். திட்டம் ஆர்த்துவுடையது. நான் 'ம்' சொன்னவள்.

இதுவரை பார்த்த வண்டிகளை எல்லாம் நான்தான் வேண்டாமென்றேன். ஒன்றில் பின்னிருக்கை பக்கவாட்டில் திரும்பியிருந்தது, குழந்தை இருக்கையை மாட்ட வழியில்லை. இன்னொன்றில் நாங்கள் ஏறி, தண்ணீரும் நிரப்பினால் சாதாரண ஓட்டுநர் உரிமத்துக்கு அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். மூன்றாவதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வாசனை பிடிக்கவில்லை. அந்த மூன்றாவதை ஆர்த்து இன்னும் மறக்கவில்லை.

"இது வேற மாதிரி. ரிட்டயர்டு ஆளு. காட்டுல மரம் வெட்ற மெஷினுக்கெல்லாம் மெக்கானிக்கா இருந்தவர். முதல்லேருந்து ஒரே ஓனர்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா போய்ப் பாக்கலாம்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியைப் பரிசோதிக்கிற பார்வை அது.

மார்ச் 6, வியாழன்

ஜனவரியில் எய்னோவுக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தோம். அனுப்பும்போது டாக்டர் சொன்னது: "ஈரம், பூஞ்சை இருக்கிற இடத்துல தூங்க வைக்காதீங்க. மத்தபடி சாதாரணமா இருங்க." முதல் பாதி எளிது. 'மத்தபடி சாதாரணமா' என்பதை எப்படிச் செய்வது என்று கேட்க மறந்துவிட்டேன்.

பழைய வீட்டுவண்டிகளுக்கு வரும் நோயும் ஈரம்தான். கூரையின் விளிம்பில் ஒட்டிய பசை காய்ந்து வெடிக்கும். அதன் வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். வெளியே தகரம், உள்ளே அழகான தாள், நடுவில் மரச்சட்டம் சத்தமில்லாமல் அழுகிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் மூலைகளை அழுத்திப் பார்க்க வேண்டும். பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கதவைத் திறந்ததும் முகர்ந்து பார்க்க வேண்டும்.

ஆர்த்துவுக்கு இஞ்சின். எனக்கு மீதி.

மார்ச் 8, சனி

போய் வந்தோம். ஸீலின்யார்வியைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் வீடு. ரைமோ என்பவர் கணவர், ஸிர்க்கா மனைவி. இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். ரைமோ வண்டியின் கூரையில் இருந்த பனியைச் சுத்தமாகத் தள்ளி வைத்திருந்தார். நாங்கள் குளிரில் நடுங்கக் கூடாது என்று முந்தாநாளே உள்ளே ஹீட்டரைப் போட்டிருந்தார். ஸிர்க்கா வண்டியின் அடுப்பிலேயே காபி போட்டு, ஏலக்காய் பன்னையும் அங்கேயே சுட்டு வைத்திருந்தாள். இதைவிட மரியாதையாக ஒரு வண்டியை யாரும் காட்ட முடியாது. முகர்வதற்கு இதைவிட மோசமான ஏற்பாடும் இருக்க முடியாது. கதவைத் திறந்தேன்—காபி, ஏலக்காய், வெண்ணெய். அதற்கு அடியில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க நாய் வேண்டும்.

எய்னோ காரிலேயே தூங்கிவிட்டான். தள்ளுவண்டியில் ஆட்டுத்தோல் உறைக்குள் போட்டு முற்றத்தில் நிறுத்தினோம். மைனஸ் எட்டு, இந்த ஊரில் குழந்தைகளை வெளியே தூங்க வைக்க நல்ல குளிர். நான் மட்டும் ஜன்னல் வழியே அவன் மூக்கு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினோம். தரை முழுக்கக் கம்பளம், எல்லோர் காலிலும் கம்பளிச் சாக்ஸ். பின்பக்கம் ஒரு நீள இருக்கை, மூடியைத் தூக்கினால் அடியில் பெட்டி. அந்தப் பெட்டியைத்தான் முதலில் பார்க்க நினைத்திருந்தேன். ஸிர்க்கா அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கையில் காபி, மடியில் தட்டு.

"உக்காரு கண்ணு. பன் சூடா இருக்கு."

உட்கார்ந்தேன். எத்தனை கோப்பை குடித்தேன் என்று எழுதப் போவதில்லை. வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இந்த ஊரில் யாருக்கும் இல்லை, எனக்கு நிச்சயமாக இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைக்கெட்டிய மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

"என்னம்மா, சுவத்துக்கு நாடி பாக்கறியா?"

"ஈரம் இருக்கான்னு..."

"இருந்தா ரைமோ சொல்லியிருப்பாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு. பேசவே மாட்டாரு, அப்புறம் எங்க பொய்யி."

கைக்கெட்டிய சுவரெல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. குழந்தை இருக்கைக்கு முன்பக்கம் பார்த்த இடம் இருக்கிறது, பெல்ட் இருக்கிறது. எடையும் சரி.

வெளியே ஆர்த்துவும் ரைமோவும் திறந்த இஞ்சினுக்கு முன்னால் நின்றார்கள். நான் பார்த்தபோதெல்லாம் இருவருமே வாயைத் திறக்கவில்லை. ரைமோ ஒருமுறை ஏதோ குழாயைத் தொட்டுக் காட்டினார். ஆர்த்து தலையாட்டினான்.

திரும்பி வரும்போது சொன்னான்: "ரொம்ப நல்லா பேசிட்டிருந்தோம்."

மார்ச் 9, ஞாயிறு

சண்டை. சண்டை என்றால் சத்தம் இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே.

"நாளைக்கு ரைமோவுக்கு சரின்னு சொல்லிடறேன். ஔலு ஊர்லேருந்து ஒருத்தன் வேற கேட்டுட்டிருக்கானாம்."

"இன்னொரு தடவை பாக்கணும்."

"என்னத்த?"

"அந்தம்மா உக்காந்திருந்தாங்களே, அந்தப் பெட்டிய நான் திறந்தே பாக்கல."

"திறக்கச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"கையில காபிய வெச்சிட்டு உக்காந்திருக்கறவங்கள எந்திரின்னு நீ சொல்லுவியா?"

அவனும் சொல்லியிருக்க மாட்டான். ஒரு தட்டைத் துடைத்து, மறுபடி துடைத்து, பிறகு சொன்னான்: "போக வேணாம்னா வேணாம்னு நேரா சொல்லு இலோனா. ஒவ்வொரு வண்டி மேலயும் பழியப் போடாத."

அதற்கப்புறம் எய்னோ அழுதான். நல்ல நேரத்தில் அழும் குழந்தை.

அவன் சொன்னது சரியா? நான் நிஜமாவே வண்டியைத்தான் பாக்கறேனா? இல்ல வீட்ட விட்டு வெளிய போகவே பயந்துட்டு, மூக்க ஒரு சாக்கா வெச்சிட்டிருக்கேனா. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு எய்னோ மூச்ச எண்றேன். நடுக்காட்ல, ஆஸ்பத்திரி இல்லாத எடத்துல, யாரக் கூப்பிடுவேன்? இதுதான் காரணம்னா வாசனை எங்கேருந்து வருது. நேத்து வாசனை வரவே இல்லையே—ஏலக்காய்தானே வந்துச்சு.

தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வதற்காக எழுதுகிறேன். எய்னோ பிறப்பதற்கு முன் நான் பாடம் நடத்திய பள்ளியில், மாடி வகுப்பில் ஒரு வாசனை வந்தது. ஈரச்சாக்கும் பழைய உருளைக்கிழங்கும் சேர்ந்த மாதிரி. நான்தான் முதலில் சொன்னேன். ஆசிரியர் அறையில் எனக்கு 'மூக்கு' என்று பெயர் வைத்தார்கள். இலையுதிர் காலத்தில் என் குரல் போனது. வசந்தத்தில் சுவரை உடைத்தார்கள், உள்ளே கறுப்பாக இருந்தது. பிள்ளைகள் இப்போதும் முற்றத்தில் தகரக் கொட்டகைகளில் படிக்கிறார்கள்.

ஆக, ஒருமுறை என் மூக்கு சரியாக இருந்தது. அதற்கப்புறம் எதை முகர்ந்தாலும் அந்த வாசனை வருகிறது. அத்தையின் துணி அலமாரி, சினிமா தியேட்டர், ஒருமுறை விமானம். ஒருமுறை சரியாக இருந்ததால் எப்போதும் சரியாக இருக்கும் என்று இல்லை. எப்போதும் தவறு என்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

மார்ச் 13, வியாழன்

எய்னோவின் எடை பார்க்கும் நாள். நெஞ்சில் சத்தம் எதுவும் இல்லை. பிர்யோ கேட்டாள்: "நீங்க தூங்கறீங்களா?"

"தூங்கறேன்."

எப்போது என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுவண்டியைப் பற்றிச் சொன்னேன். "நல்ல விஷயமாச்சே. போயிட்டு வாங்க" என்றாள். எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் அதில் படுக்கப் போவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ரைமோவுக்கு நானே போன் செய்தேன். ஆர்த்து பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை வந்து பாக்கலாமா? பனி உருக ஆரம்பிச்சதுக்கப்புறம்."

மறுமுனையில் எதுவும் இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, யோசிக்கிறார்.

"வாங்க" என்றார்.

"கூரைல பனி விழுந்தா தள்ளாதீங்க. ஹீட்டர் போட வேணாம். முந்தின நாள்லேருந்து கதவு, ஜன்னல் எதையும் திறக்க வேணாம்."

"சரி. காபி இருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டேன். "காபியும் வேணாம்."

இந்த முறை அமைதி நிஜமாகவே நீண்டது. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆர்த்து கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "காபி வேணாம்னா சொன்ன?"

"ஆமா."

"எழவு வீட்டுலகூட யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"தெரியும்."

"அந்த ஔலுக்காரன் வாங்கிடுவான், பாத்துக்கோ."

"வாங்கட்டும்."

வாங்கட்டும் என்று சொன்னேனே தவிர, ஔலுக்காரன் வாங்கக் கூடாது என்று மாலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இது எதைக் காட்டுகிறது?

மார்ச் 22, சனி

ஆர்த்து வேலையிடத்திலிருந்து ஈரம் பார்க்கும் மீட்டரை இரவல் வாங்கி வந்தான். கேட்காமலே. மீட்டரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

வீட்டில் சோதித்துப் பார்த்தேன். குளியலறைச் சுவர், சாதாரணம். எய்னோவின் கட்டில் பக்கச் சுவர், காய்ந்தது. கறுப்பு ரொட்டி, ஓரளவு. ஆர்த்துவின் முழங்கையில் வைத்தபோது கத்தியது. மிகுந்த ஈரம், உடனே கவனிக்கவும்.

"என்னை யாருகிட்டயாவது வித்துடு" என்றான்.

ரொம்ப நாளைக்கப்புறம் சேர்ந்து சிரித்தோம். எய்னோ எங்களைப் பார்த்து அவனும் சிரித்தான். என்ன ஜோக் என்று தெரியாமலே.

மார்ச் 26, புதன்

இரவெல்லாம் பனி. காலையில் வெயில். சனிக்கிழமை ப்ளஸ் ஐந்து என்கிறார்கள். ஔலுக்காரன் இன்னும் வாங்கவில்லை.

மார்ச் 29, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மீட்டர் வேலை செய்யவில்லை. இந்த வாரம் முழுக்க அதைக் காரிலேயே விட்டிருந்தேன், குளிரில் பேட்டரி செத்துவிட்டது. நான்தான் விட்டேன். ஆர்த்து அதைத் தட்டிப் பார்த்தான், பையில் போட்டுக்கொண்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரைமோவின் முற்றத்தில் பனி கஞ்சியாகியிருந்தது. வீட்டுக் கூரை, மரம், வண்டி, எல்லாமே சொட்டிக்கொண்டிருந்தன. வண்டியின்மேல் பனி அப்படியே இருந்தது, சொன்னபடி தொடவில்லை. நான்கு பேரும் நின்றோம். காபி இல்லாமல் நான்கு பெரியவர்கள் ஒரு முற்றத்தில் நிற்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸிர்க்கா கையை ஏப்ரனுக்குள் விட்டாள், எடுத்தாள். ஆர்த்து டயரைப் பார்த்தான். போன தடவையே பார்த்த டயர்தான்.

ரைமோ கதவைத் திறந்தார். நான் முதலில் தலையை நீட்டினேன்.

வந்தது. லேசாக. மாடி வகுப்பு.

"வருதா?" என்றான் ஆர்த்து.

"வருது."

அவனும் தலையை நீட்டினான். "எனக்கு வரலையே."

ரைமோவும் எட்டிப் பார்த்தார். "எனக்கு முப்பது வருஷமா எந்த வாசனையும் வராது" என்றார். "டீசல்."

மூன்று மூக்கு, ஒரு வாக்கு. அதுவும் என்னுடையது.

பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினோம். ரைமோ வெளியிலேயே நின்றார். ஸிர்க்கா எங்களுக்கு முன்னாலேயே ஏறி, போன தடவை உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். போன தடவை எய்னோ வெளியே தூங்கினான். இன்று விழித்திருந்தான், தூக்கி வைத்திருந்தால் நெளிந்தான். இறக்கிவிட்டேன். கம்பளத்தில் தவழ்ந்து நேராக அவளிடம் போனான்.

"வாடா என் சிங்கம்" என்றாள். அவள் சாக்ஸை இழுத்துக்கொண்டு அங்கேயே மண்டியிட்டு விளையாடினான்.

நான் முன்பக்கம் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், மேல் அலமாரி, கூரை ஜன்னலைச் சுற்றி. விரலால் அழுத்தினேன், கெட்டி. தட்டினேன், நல்ல சத்தம். ஆர்த்து என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறை நான் அழுத்தியபோதும் அவன் மூச்சை விடும் சத்தம் கேட்டது.

"அவ்வளவுதான?" என்றான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எய்னோவைத் தூக்கினேன். முழங்கால் இரண்டும் ஈரம். கால்சட்டையில் வட்டமாக இரண்டு ஈரத் தடம்.

டயப்பர் கசிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். எந்த அம்மாவும் அதைத்தான் நினைப்பாள். வண்டியின் கட்டிலிலேயே கிடத்திக் கழற்றிப் பார்த்தேன். டயப்பர் காய்ந்திருந்தது.

"பால் கொட்டியிருக்கும்" என்றான் ஆர்த்து.

பால் புட்டி பைக்குள் இருந்தது, மூடியோடு.

"பூட்ஸ்ல வந்த பனியா இருக்கும்மா" என்றாள் ஸிர்க்கா.

எல்லோரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தோம். சாக்ஸ். பூட்ஸெல்லாம் வெளியே வரிசையாக இருந்தன.

குனிந்து கம்பளத்தில் கையை வைத்தேன். நடுவில் காய்ந்திருந்தது. ஸிர்க்காவின் காலடியில் வைத்தபோது விரல் குளிர்ந்தது. அழுத்தினால் கம்பளம் தண்ணீர் விட்டது. அவ்வளவு தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு எத்தனை முறை நடந்தாலும் தெரிந்திருக்காது. அவளுக்கும் தெரியவில்லை.

இப்போது சொல்ல வேண்டும். வேறு வழியில்லை. சொன்னேன்.

"கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?"

வயதில் மூத்த ஒருவரை உட்கார்ந்த இடத்திலிருந்து எழச் சொன்னது வாழ்க்கையிலேயே இதுதான் முதல்முறை. அவள் எழவில்லை.

"இது நான் உக்கார்ற எடம்."

"தெரியும்."

"நான் எந்திரிச்சா மூடி மேல வந்துடும்."

"ஏன்?"

"வரும். போன வருஷத்துலேருந்து அப்படித்தான். நான் உக்காந்தா சரியாயிடும்."

ஆர்த்து தொண்டையைச் செருமினான். நான் அவனைப் பார்க்கவில்லை. எய்னோவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன், நகரவில்லை. ஸிர்க்கா என்னைப் பார்த்தாள், குழந்தையின் முழங்காலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்தாள்.

மூடி ஒரு பக்கமாகத் தானே மேலே வந்தது. அவசரமில்லாமல்.

உள்ளே மடக்கு நாற்காலிகள், கூடாரக் கம்பிகள். அவற்றை எடுத்தேன். அடிப்பலகை ரொட்டி மாதிரி உப்பி, இவற்றை மூடிவரை தள்ளியிருந்தது. சுவரோரம் கறுப்பு.

ஆர்த்து ரைமோவைக் கூப்பிட்டான். ரைமோ பூட்ஸோடு ஏறி வந்தார்.

"பூட்ஸு" என்றாள் ஸிர்க்கா.

அவர் காதில் விழவில்லை. பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அவர் பாக்கெட்டில் எப்போதும் ஒன்று இருக்கும் போலிருக்கிறது. பெட்டிக்குள் குனிந்து சுவரில் வைத்து லேசாகத் தள்ளினார். கைப்பிடி வரைக்கும் போனது. எடுத்தார். ஒரு சாண் மேலே வைத்தார். அங்கேயும் போனது. அதற்கும் மேலே. மேலே போகப் போக அவர் தள்ளவே வேண்டியிருக்கவில்லை.

வெளியே சொட்டுகிற சத்தம் மட்டும்.

"ஏன் சொல்லல?" என்றார் ஸிர்க்காவிடம்.

"என்னத்த சொல்றது. இஞ்சின் உன்னுது, உள்ளாற என்னுது. உன் இஞ்சின்ல எண்ணெய் ஒழுகினா நீ என்கிட்ட சொல்லுவியா?"

"ஒழுகாது."

"ஒழுகினா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொல்ல மாட்டேன்."

"அதான்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். விலையைக் குறைத்துச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆர்த்துவும் அதை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இந்த வண்டி விக்கறதுக்கில்ல" என்றார் ரைமோ.

ஸிர்க்கா எய்னோவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். "புள்ளைக்குக் கால் நனைஞ்சிடுச்சு. உள்ள வாங்க. இப்பவாவது காபி சாப்பிடலாமில்ல?"

சாப்பிட்டோம். எய்னோவின் கால்சட்டை அவர்கள் அடுப்புக்கு மேலே கம்பியில் காய்ந்தது. காய்கிற வரைக்கும் அவன் ஸிர்க்கா கொடுத்த வேறு சாக்ஸைத் தொடை வரை இழுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். ரைமோ ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோப்பையைத் தொடவில்லை.

திரும்பும் வழியில் ஆர்த்து பெட்ரோல் போட நிறுத்தினான். பிறகு கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னான்:

"வருதுன்னு சொன்னியே."

"ம்."

"வந்துச்சு."

இறங்கிப் போனான். எட்டு வருஷமாக அவனைத் தெரியும். இது அவன் மன்னிப்புக் கேட்கிற விதம்.

மார்ச் 30, ஞாயிறு

அவர்கள் ஏமாற்றப் பார்த்தார்களா என்று ஆர்த்து கேட்டான். இல்லை என்றேன். அவளுக்கு மூடி தெரியும், காரணம் தெரியாது. அவருக்கு இஞ்சின் தெரியும், மூடி தெரியாது. இரண்டு பேரும் ஒரே வண்டியில் கோடைதோறும் ஒன்றாகத் தூங்கியிருக்கிறார்கள்.

நேற்று இரவு எழுந்து எய்னோவின் மூச்சைக் கேட்டேன். ஒருமுறை.

ஏப்ரல் 2, புதன்

ரைமோவிடமிருந்து ஒரு படம் வந்தது. வண்டியின் பின்சுவரை முழுக்கப் பிரித்துப் போட்டிருக்கிறார். சட்டமெல்லாம் கறுப்பு. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். சற்று நேரம் கழித்து இன்னொன்று: ஸிர்க்கா முற்றத்தில் மடக்கு நாற்காலியில், கையில் கோப்பை. உட்கார வேறு இடம் கொடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 5, சனி

ஆர்த்து வண்டிகள் பார்ப்பதை நிறுத்திவிட்டான். வழக்கமாகச் சாப்பிடும்போது ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்பூனுமாக இருப்பான். இன்று இரண்டு கையாலும் சாப்பிட்டான்.

"விட்ரலாம் இலோனா. நீ சொன்னதுதான் சரி. இந்தக் கோடைக்கு வீட்லயே இருப்போம். ஏரிக்குப் போவோம். எய்னோவும் சின்னவன்."

"நான் எப்ப சொன்னேன்?"

"வாயால சொல்லல."

நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. இந்த வாக்கியத்துக்காகத்தானே குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன்? கிடைத்துவிட்டது. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவன் வருத்தமாகக்கூட இல்லை, அதுதான். எனக்காக நல்லவனாக இருக்கிறான். இப்படியே இருந்தால் அடுத்த கோடையும் நல்லவனாக இருப்பான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

யோசித்துப் பார்த்தால்—அந்தக் கதவைத் திறந்து முகர்ந்தபோது எனக்குப் பயமே இல்லை. கோபம்தான் வந்தது. இந்த வண்டி நன்றாக இருந்திருக்கக் கூடாதா என்று. எனக்கு அது வேணும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கடல் பக்கமா நிறுத்தி, கதவைத் திறந்து வெச்சிட்டு, இவன் பாறைல உக்காந்து எதையாவது வாயில போட்டுட்டு—வேணாம்டா கண்ணா துப்பு துப்புன்னு நான் ஓடணும். பயந்துட்டே ஓடணும். இங்கயும் பயந்துட்டுதானே இருக்கேன், சுவத்தப் பாத்துட்டு.

இதை ஆர்த்துவிடம் சொல்ல வேண்டும். வாயால்.

ஏப்ரல் 9, புதன்

சொல்லவில்லை. அவன் தூங்கிவிட்டான்.

ஏப்ரல் 12, சனி

இஸால்மியில் ஒரு வண்டி. சிறியது, ரைமோவுடையதைவிடப் பழையது, மஞ்சள் கோடு போட்டது. விற்பவர் மெர்வி என்கிற பெண். விளம்பரத்தில் ஒரே ஒரு படம், அதிலும் பாதி ஒரு பூனை. நான்தான் தேடினேன். மூன்று மாலையாகத் தேடுகிறேன், ஆர்த்துவுக்குத் தெரியாது. அவளுக்கு எழுதியதை அனுப்புவதற்கு முன் இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

வணக்கம் மெர்வி. உங்கள் வண்டியைப் பார்க்க வர விரும்புகிறோம். நான், என் கணவர், பதினொரு மாதக் குழந்தை. குழந்தை இருக்கை மாட்டும் இடம் முன்பக்கம் பார்த்திருக்கிறதா என்று மட்டும் இப்போது சொன்னால் போதும். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நிதானமாகப் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்காவது ஒழுகுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் வராமல் இருந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். சரிசெய்யக் கூடியதாக இருந்தால் சரிசெய்துகொள்வோம். என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் சொல்வேன். வண்டி வேண்டியது எனக்கு. மே மாதம் கிளம்ப வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.